விளம்பரம் என்று கைவிட்ட பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய தொலைக்காட்சி கார்ட்டூன்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். தொடர்களையும் அவற்றின் பாத்திரங்களையும் பற்றி நிறைவாக எழுதியிருந்த கட்டுரையாளர், அந்தத் தொடர்களுக்கென்று ஒரு காலத்தில் இயங்கிய இணையதளங்களை மட்டும், ஏதோ விளம்பரச் சரக்கு என்ற தோரணையில், ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இக்கடிதம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இணையப் பக்கங்களை வடிவமைத்துப் பிழைப்பவன் நான். கடந்த சில மாதங்களாக, வேலை முடிந்த பின் இரவுகளில், தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலும் கார்ட்டூன்களை விளம்பரப்படுத்துவதற்காகக் கட்டப்பட்ட தளங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வருகிறேன். அவை விளம்பரங்கள்தாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொடர் மறுபடியும் ஒளிபரப்பாகும், குறுவட்டில் வரும், ஸ்ட்ரீமிங்கில் வரும். அந்தத் தொடர் முடிந்து தொலைக்காட்சியை அணைத்த பிறகு ஒரு குழந்தை என்ன செய்தது, எதைச் சொடுக்கியது, எதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது என்பதற்கு அந்தத் தளத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியைத்தான் உரிமையாளர்களே ஒன்றன்பின் ஒன்றாக அழித்து வருகிறார்கள்.

அழியாமல் தப்பிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்ஸ் பன்னி உள்ளிட்ட லூனி டியூன்ஸ் பாத்திரங்களும் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானும் நடித்து 1996 நவம்பரில் வெளிவந்த 'ஸ்பேஸ் ஜாம்' படத்துக்காக வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் கட்டிய தளம் இன்றும் திறக்கிறது. அது திரைப்படத்தின் தளம்தானே, தொலைக்காட்சிக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். லூனி டியூன்ஸ் திரையரங்குக்காகப் பிறந்தவை என்றாலும் பல தலைமுறைகள் அவற்றைத் தொலைக்காட்சியில்தான் பார்த்து வளர்ந்தன என்பதால் அதை இங்கே சேர்த்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் எண்ணம். விண்மீன்கள் தெறித்த கறுப்புப் பின்னணி. நடுவில் படத்தின் பெயர். அதைச் சுற்றிக் கோள்களைப் போல மிதக்கும் சிறு சிறு படங்கள். ஒவ்வொரு கோளையும் சொடுக்கினால் ஒவ்வொரு பகுதி. ஜாம் சென்ட்ரல், பிளானட் பி-பால், லூனர் டியூன்ஸ் என்று விளையாட்டாகப் பெயர்கள். இன்றைய அகலத் திரையில் திறந்தால், பெரிய மேசையின் நடுவில் வைத்த தபால் அட்டையைப் போல அந்தப் பக்கம் நடுவில் சுருங்கி நிற்கிறது, ஏனெனில் அக்காலத் திரை அவ்வளவுதான். அதன் நிரலைத் திறந்து பார்த்தேன். கோள்களை வட்டமாக நிறுத்துவதற்கு, எண்களை வரிசைப்படுத்துவதற்காக உருவான அட்டவணைக் கட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்தக் கட்டத்தை எத்தனை நெடுவரிசை அகலத்துக்கு நீட்டினால் எந்தக் கோள் எங்கே போய் உட்காரும் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். தச்சர் ஒருவரின் கைவேலையை இன்னொரு தச்சர் தடவிப் பார்ப்பதைப் போலத்தான் நான் அதைப் பார்த்தேன். 2021-இல் அடுத்த படம் வந்தபோது முகப்பு முகவரியைப் புதிய படத்துக்குக் கொடுத்துவிட்டு, பழைய தளத்தை 1996 என்ற துணை முகவரிக்குள் அப்படியே குடியேற்றினார்கள். இடம் மாறியதே தவிர எதுவும் கெடவில்லை. ஒரு நிறுவனம் மனம் வைத்தால் இது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மற்ற தளங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசை 1992 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. அதன் இணையதளம் 1998-இல் வந்தது. டெக்ஸ்டரின் சோதனைக்கூடம், ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ், கரேஜ் என்ற கோழை நாய் என்று அந்த அலைவரிசையின் சொந்தத் தொடர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஒவ்வொரு தொடருக்கும் தளத்தில் ஒரு மூலை உண்டு. பாத்திர அறிமுகம், அத்தியாயப் பட்டியல், கணினித் திரைக்கு வால்பேப்பர், அச்செடுத்து வண்ணம் தீட்டும் படங்கள், நண்பருக்கு அனுப்பும் மின்வாழ்த்து, பிறகு விளையாட்டுகள். இவற்றையெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியே இழுத்துத்தான் பார்க்க வேண்டும். 56 கிலோபிட் மோடம் என்றால், எல்லாம் சரியாக நடந்தாலும், ஒரு நொடிக்கு 7 கிலோபைட்டுக்கு மேல் வராது. 300 கிலோபைட் விளையாட்டு ஒன்று திறக்க முக்கால் நிமிடம் குறைந்தபட்சம். அந்த முக்கால் நிமிடத்தில் குழந்தை எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக, விளையாட்டு இறங்கும் நேரத்தில் ஒரு பாத்திரம் நின்ற இடத்திலேயே ஏதாவது சேட்டை செய்துகொண்டிருக்கும்படி வரைந்து வைப்போம். எங்கள் தொழிலில் 'லோடிங்' காட்சி என்போம். எனக்குத் தெரிந்து, அந்தக் காலத் தளங்களில் மிகுந்த கற்பனையோடு செய்யப்பட்டவை அந்தக் காத்திருப்புக் காட்சிகள்தாம். இணைப்பு வேகமெடுத்ததும் முதலில் மறைந்தவையும் அவையே.

அந்த விளையாட்டுகளும் அசைபடங்களும் ஏன் கார்ட்டூனைப் போலவே இருந்தன என்பதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. கட்டுரையாளருக்கு இது பயன்படலாம். 1957-இல் தொடங்கப்பட்ட ஹன்னா-பார்பெரா நிறுவனம், திரையரங்கக் கார்ட்டூனுக்குக் கிடைத்த பணத்தில் சிறு பங்கைக் கொண்டே தொலைக்காட்சிக்குப் படம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே முழு உடலையும் ஒவ்வொரு படச்சட்டத்திலும் புதிதாக வரையாமல், உடலை அசையாமல் விட்டுவிட்டுத் தலையையோ வாயையோ கையையோ மட்டும் அசைத்தார்கள். யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது அழகுக்காக மட்டுமன்று. அசையாத உடலும் அசையும் தலையும் சேரும் ஒட்டு வெளியே தெரியாமல் மறைப்பதற்காகவும்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த, இணையத்துக்கு அசைபடங்களும் விளையாட்டுகளும் செய்யப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருள் ஏறக்குறைய இதே சிக்கனத்தின்மேல் நிற்கிறது. ஒருமுறை வரைந்த கையையும் வாயையும் ஒரு கிடங்கில் வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் வேண்டிய கோணத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம். படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் கோடு, வளைவு, நிறம் என்று கணக்காகச் சேமிப்பதால், தடித்த வெளிக்கோடும் நிழலற்ற ஒற்றை நிறமும் கொண்ட கார்ட்டூன் உருவம் அதில் மிகச் சிறிய கோப்பாக அடங்கும். தொலைக்காட்சியில் பணத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த உத்தி, இணையத்தில் மோடத்தின் நேரத்தை மிச்சம் பிடித்தது. வரலாறு எழுதுபவர்கள் இந்தத் தொடர்ச்சியைக் கவனிக்க வேண்டுமென்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிய வேண்டும். தொடர் இருக்கிறது, தளம் இல்லை.

எப்படி இல்லாமல் போனது? இரண்டு விதமாக. முதலாவது, யாரும் தீய எண்ணத்தோடு செய்யாதது. 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வெளிவந்து, மேக்ரோமீடியாவின் கைக்குப் போய் ஃபிளாஷ் என்று பெயர் மாறி, 2005-இல் அடோபியிடம் சென்ற அந்த மென்பொருள், பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பேர்போனது. ஐபோனில் அதற்குத் தொடக்கம் முதலே இடமில்லை. 2017-இல் அடோபி முன்னறிவிப்புக் கொடுத்து, 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கியிலேயே ஓடாதபடி தடை போட்டது. அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில், அதன் மூத்த உறவான, அதேபோல உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிய ஷாக்வேவ் போய்விட்டது. 2021-இன் அந்த ஜனவரி நாளில், கார்ட்டூன் தளங்களின் நடுப்பகுதி ஒரே நாளில் சாம்பல் நிறப் பெட்டியாயிற்று. ஓரங்களில் இருந்த எழுத்துகளும் பொத்தான்களும் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் வெறுமை.

இரண்டாவது, தெரிந்தே செய்தது. 2024 ஆகஸ்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் அமெரிக்கத் தளத்தை அதன் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுத்தியது. முகவரியைத் தட்டினால், தொடர்களைப் பார்க்க வேண்டுமா, எங்கள் கட்டணச் சேவைக்கு வாருங்கள் என்று வேறொரு தளத்துக்கு இட்டுச் சென்றது. 26 ஆண்டுத் தளம் ஒரு கைகாட்டிப் பலகையாகிவிட்டது. அடுத்த மாதமே, செப்டம்பர் 30 அன்று, ஹன்னா-பார்பெரா தொடர்கள் உள்ளிட்ட பழைய கார்ட்டூன்களைக் காட்டிவந்த பூமராங் ஸ்ட்ரீமிங் சேவையும் மூடப்பட்டு, அதன் சந்தாதாரர்களும் அதே கட்டணச் சேவைக்குத் திருப்பப்பட்டார்கள். சரி, கைகாட்டி காட்டிய இடத்திலாவது எல்லாம் இருக்கிறதா என்றால், 1930 முதல் 1969 வரையிலான மூல லூனி டியூன்ஸ் குறும்படங்கள் 2025 மார்ச்சில் அங்கிருந்து எடுக்கப்பட்டன. அதற்கும் முன்பே, 2022 ஆகஸ்டில், கார்ட்டூன் நெட்வொர்க்கே உருவாக்கிய 'இன்ஃபினிட்டி ட்ரெயின்' போன்ற தொடர்கள் அங்கே காணாமல் போயிருந்தன. வீட்டை இடித்துவிட்டு, கடைக்குப் போய்க் கேளுங்கள் என்றார்கள். கடைக்குப் போனால், அந்தச் சரக்கு இப்போது இல்லை என்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நம்மால் பழைய பக்கங்களைப் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு முதன்மைக் காரணம் இன்டர்நெட் ஆர்க்கைவ். புரூஸ்டர் கேல் என்பவர் 1996-இல் தொடங்கிய இந்த இலாப நோக்கற்ற அமைப்பு, தான் சேமித்த பக்கங்களை 2001 முதல் வேபேக் மெஷின் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இதைப் பயன்படுத்தும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்வதற்கு ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்; பலர் முதல் பக்கத்தைத் திறந்து, பாதிப் படங்கள் இல்லாததைக் கண்டு, அவ்வளவுதான் என்று மூடிவிடுகிறார்கள்.

சேமிக்கப்பட்ட ஒவ்வொரு பக்கத்தின் முகவரியிலும் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு ஆண்டு. பிறகு இரண்டிரண்டாக மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. பக்கத்துக்குத்தான் அந்த நேரம். அதிலுள்ள படங்களுக்கு அது பொருந்தாது. ஒரு பக்கத்தில் எட்டுப் படங்கள் இருந்தால், எட்டும் எட்டு வெவ்வேறு நாள்களில் சேமிக்கப்பட்டிருக்கலாம். இருப்பவற்றுள் நெருங்கிய தேதியில் உள்ளதை எடுத்து ஒட்டித்தான் இயந்திரம் பக்கத்தைக் காட்டுகிறது. ஆகையால் 2000-ஆம் ஆண்டுப் பக்கத்தில் 2003-ஆம் ஆண்டு விளம்பரப் பட்டை சிரித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். நாம் பார்ப்பது, ஒரு நாளும் யார் திரையிலும் அப்படியே தோன்றியிராத ஒரு பக்கம். இதை அறியாமல் திரைப்பிடிப்பு எடுத்து, இன்ன தேதியில் தளம் இப்படி இருந்தது என்று எழுதுவது தவறு. அச்சிலும் இத்தவறு நேர்வதைக் கண்டிருக்கிறேன். படம் இல்லாத இடத்தில் உடனே கைவிட்டுவிட வேண்டியதில்லை. தள முகவரியின் இறுதியில் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்துத் தேடினால், அந்த முகவரியின் கீழ் எந்தக் காலத்திலும் சேமிக்கப்பட்ட கோப்புகள் எல்லாம் பட்டியலாக விரியும். முகப்பிலிருந்து வழியே இல்லாத வால்பேப்பர்களும் ஒலித்துணுக்குகளும் அந்தப் பட்டியலில் அனாதையாகக் கிடப்பதுண்டு. பூட்டிய வீட்டுக்குள் கொல்லை வழியே நுழைவதைப் போன்ற வேலைதான்; ஆனால் நான் கண்ட நல்ல பொருள்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

கிடைக்காதவை ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. பக்கங்களைச் சேமிக்கும் தானியங்கி, ஒரு பக்கத்தின் நிரலில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து செல்லும். பொத்தான்கள் ஃபிளாஷ் கோப்புக்குள் இருந்தால் அதன் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. அதாவது எந்தத் தளம் மிகுந்த உழைப்போடு, முகப்பிலிருந்து கடைசி அறை வரை அசைபடமாகக் கட்டப்பட்டதோ, அந்தத் தளமே மிகக் குறைவாகச் சேமிக்கப்பட்டது. சோம்பேறித்தனமாக, எழுத்தும் படமுமாகக் கட்டியவை நன்றாகவே எஞ்சியிருக்கின்றன. இன்னொரு தடையும் சில ஆண்டுகள் இருந்தது. தானியங்கிகள் இங்கே வரக் கூடாது என்று ஒரு தளம் தன் வாசலில் எழுதி வைத்திருந்தால், அந்த முகவரியின் பழைய சேமிப்புகளையும் ஆர்க்கைவ் காட்டாமல் மறைத்துவிடும். காலாவதியான முகவரியை வேறொருவர் வாங்கி அப்படி எழுதி வைத்தால், முந்தைய குடியிருப்பாளரின் வரலாறும் சேர்ந்து மறையும். 2017 முதல் இந்த வழக்கத்தை ஆர்க்கைவ் படிப்படியாகத் தளர்த்தியது.

சாம்பல் பெட்டிக்கும் ஓரளவு மருந்து வந்திருக்கிறது. ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் பாதுகாப்பாக ஓட்டும் ரஃபிள் என்ற திறமூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதி வருகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் அதைத் தன் தொகுப்புகளில் இணைத்துக்கொண்டது. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற இன்னொரு தன்னார்வ முயற்சி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் உள்வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவனங்கள் தங்கள் விளையாட்டுகளை மற்றத் தளங்கள் திருடி வைத்துக்கொள்ளாமல் இருக்க, விளையாட்டுக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்திருந்தன. திறக்கும்போது, நான் என் சொந்த முகவரியில்தான் இருக்கிறேனா என்று விளையாட்டு சோதித்துப் பார்க்கும், இல்லையென்றால் ஓட மறுக்கும். இன்று அந்த முகவரியே இல்லை. எனவே ஃபிளாஷ்பாயிண்ட் நம் கணினிக்குள்ளேயே அந்தப் பழைய முகவரியைப் போல வேடமிட்டு நின்று, நீ வீட்டில்தான் இருக்கிறாய் என்று விளையாட்டை நம்ப வைக்கிறது. உடனே கதவு திறந்து, இருபது ஆண்டுக்கு முந்தைய இசை ஒலிக்கத் தொடங்குகிறது.

ஆனால் நம் கணினியில் அல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் ஓடியவற்றை இப்படி மீட்க முடியாது. கார்ட்டூன் ஆர்பிட் என்று ஒன்று 2000 முதல் 2006 வரை கார்ட்டூன் நெட்வொர்க் தளத்தில் இருந்தது. பாத்திரங்களின் படங்களைக் குழந்தைகள் தபால்தலை சேர்ப்பதைப் போலச் சேர்த்து, ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொண்டு, தமக்கென்று ஒரு பக்கத்தை அலங்கரித்துக்கொள்வார்கள். தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு இடையே ஒரு குறியீட்டுச் சொல் தோன்றும். அதைக் குறித்து வைத்துத் தளத்தில் தட்டினால் ஒரு படம் பரிசு. தொடரும் தளமும் ஒன்றை ஒன்று எப்படி இழுத்துப் பிடித்தன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை. அதன் கணக்குகளும் பரிமாற்றங்களும் சர்வரோடு போயின. எஞ்சியவை சில படங்களும் விதிமுறைப் பக்கங்களும் மட்டுமே. 2009 முதல் 2013 வரை ஓடிய ஃபியூஷன்ஃபால் என்ற, பலர் சேர்ந்து ஆடும் கார்ட்டூன் நெட்வொர்க் விளையாட்டை இரசிகர்கள் தாமே மீண்டும் கட்டியெழுப்பியபோது, 2020-இல் உரிமையாளரிடமிருந்து சட்ட அறிவிப்பு வந்து அந்த முயற்சி நின்றது. தானும் காப்பதில்லை, காப்பவரையும் விடுவதில்லை என்ற நிலையை நான் ஏற்கவில்லை.

இந்தத் தளங்களை நான் புனிதமாக்க முயல்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். மன்றத்தில் சேர், போட்டியில் கலந்துகொள் என்று சொல்லிக் குழந்தைகளிடம் பெயரும் மின்னஞ்சலும் வாங்கிய காலம் அது. 1998-இல் அமெரிக்கா இயற்றி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் தனியுரிமைச் சட்டம், 13 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் சொந்த விவரங்களைத் திரட்டக் கூடாது என்றது. அந்தச் சட்டத்துக்கு முன்பும் பின்பும் சேமிக்கப்பட்ட பதிவுப் படிவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். குழந்தையை நேராகப் பார்த்துப் பேசிய விளம்பர மொழி எங்கே தயங்கியது, எங்கே பெற்றோரை அழைத்து வா என்று சொல்லக் கற்றுக்கொண்டது என்பது வரி வரியாகத் தெரியும். நிறுவனத்துக்குப் பெருமை சேர்க்காத பக்கங்களும் வரலாற்றுக்கு வேண்டியவையே. இன்னும் சொல்லப்போனால் அவைதான் முதலில் வேண்டும்.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய நிரலைத் திறந்து வைத்திருப்பது பாதுகாப்புக் கேடு. விளையாட்டின் இசைக்கும் குரலுக்கும் வாங்கிய உரிமம் எப்போதோ முடிந்திருக்கும். தளத்தைக் கட்டிய வெளி நிறுவனமே கலைந்து போயிருக்கும். ஆயினும், பொதுமக்களுக்குத் திறந்து வைப்பது வேறு, அழியாமல் ஒரு படி எடுத்து ஒப்படைப்பது வேறு. ஸ்வீடனும் ஆஸ்திரேலியாவும் 1996-லேயே தங்கள் தேசிய நூலகங்கள் வழியாக இணையப் பக்கங்களைச் சேமிக்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2000 முதல் தேர்ந்தெடுத்த தளங்களைச் சேமித்து வருகிறது. பிரிட்டனில் 2013 ஏப்ரல் முதல், அச்சு நூலைப் போலவே இணையப் பக்கத்தையும் சேமிக்கும் உரிமை நூலகங்களுக்குச் சட்டப்படி உண்டு. அப்படிச் சேமித்தவற்றுள் பெரும்பகுதியை நூலக வளாகத்துக்குள் மட்டுமே பார்க்க முடியும் என்ற கட்டுப்பாடும் உண்டு. உரிமச் சிக்கலுக்கு அந்தக் கட்டுப்பாடே போதுமான விடை. தளத்தை மூடும் நிறுவனம், மூடுவதற்கு முன் அதன் கோப்புகளை மூல வடிவிலேயே ஒரு நூலகத்திடமோ ஆர்க்கைவிடமோ கொடுத்துவிட வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அன்று. தானியங்கி வெளியிலிருந்து துழாவி எடுப்பதைவிட, உள்ளே இருப்பவர் ஒரு வட்டில் நகலெடுத்துத் தருவது எளிது, முழுமையானது. இன்டர்நெட் ஆர்க்கைவே 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள்கள் முடங்கியதை நினைத்துப் பார்த்தால், எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் வைத்திருப்பதன் ஆபத்தும் புரியும். பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் எட்டாமல் போயின.

இத்துறை இதே தவற்றை முன்பும் செய்திருக்கிறது. கார்ட்டூன் உருவங்களைத் தீட்டிய ஒளிபுகும் தகடுகளைப் படப்பிடிப்பு முடிந்ததும் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு; கழுவாதவற்றைக் குப்பையில் கொட்டினார்கள். தகடு வெறும் கருவி, படச்சுருள்தான் படைப்பு என்று நினைத்தார்கள். பின்னாளில் அதே தகடுகள் சட்டமிடப்பட்டு ஏலத்தில் பெருந்தொகைக்குப் போயின. கழுவிய கைகளுக்கு அப்போது அது தெரிந்திருக்க நியாயமில்லை.

என் கையும் கழுவிய கைதான். பிறரைக் குறை சொல்லிவிட்டு இதை மறைப்பது முறையன்று. 2006-இல், சிறு குழந்தைகளுக்கான அசைபடத் தொடர் ஒன்றுக்கு நான் ஒரு தளம் கட்டினேன்; தொடரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இங்கே வேண்டாம். நான்கு மாத வேலை. நடுவில் ஒரு விளையாட்டு: குட்டி ஆமை ஒன்று படகில் ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டால் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கோபித்துக்கொள்ளும். சொடுக்கினால் முதலில் ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டும். யாரும் கேட்டுச் செய்ததன்று. ஓர் இரவு எனக்கே தோன்றிச் செய்தது. கருத்துப் பெட்டிக்கு வந்த செய்திகளில் பாதி, ஆமைக்கு ஏன் கோபம் என்று கேட்டவை. தொடர் நின்றது. 2011-இல், முகவரியைப் புதுப்பிக்கப் போவதில்லை, கோப்புகளை நீக்கிவிடவும் என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. சர்வரில் இடம் வேண்டியிருந்தது. படி எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றாமலே, முழுத் தொகுப்பையும் நானே நீக்கினேன். கைவசம் இருந்த ஒரே குறுவட்டு இப்போது எந்தக் கணினியிலும் படிக்க மறுக்கிறது.

சில வாரங்களுக்கு முன் வேபேக் மெஷினில் அந்த முகவரியைத் தேடினேன். மூன்று பக்கங்கள் இருக்கின்றன. முகப்பு, பெற்றோருக்கான குறிப்பு, தொடர்புப் பக்கம். முகப்பின் நடுவில், ஆறு ஓடிய இடத்தில், வெற்றுப் பெட்டி. நட்சத்திரக் குறி போட்டும் பார்த்தேன். விளையாட்டுக் கோப்பு அந்தப் பட்டியலில் இல்லை. காரணத்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யாரும் திருடிவிடக் கூடாது என்று, கோப்பின் பெயரைப் பக்கத்தின் நிரலில் எழுதாமல், ஃபிளாஷுக்குள்ளேயே துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கும்படி சாமர்த்தியமாக எழுதியவன் நான்தான். திருடனும் வரவில்லை, தானியங்கிக்கும் வழி தெரியவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தங்கள் இணைப்பில் பழைய கார்ட்டூன்களைப் பற்றி எழுதும்போது, தொடர் ஒளிபரப்பான ஆண்டோடு அதன் தளம் இருந்த முகவரியையும், அது சேமிக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியிலிருந்து பார்க்கலாம் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்து வெளியிடலாம். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய கணினிகளிலும் குறுவட்டுகளிலும் அக்காலத்தில் இறக்கி வைத்த ஸ்கிரீன்சேவர், ஒலித்துணுக்கு, விளையாட்டுக் கோப்பு ஏதேனும் இருந்தால், திறக்கவில்லை என்பதற்காக அழித்துவிட வேண்டாம். ஃபிளாஷ்பாயிண்ட் போன்ற முயற்சிகளில் இருப்பவர்கள் தேடிக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட திறக்காத கோப்புகளைத்தான். அவற்றுள் ஏதோ ஒன்றில், ஆற்றங்கரையில் ஓர் ஆமை படகில் ஏறாமல் தலையை உள்ளிழுத்துக்கொண்டு நின்றால், அது என்னுடையது.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்